பலாலிக்கு எவ்வளவு தூரம்?

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வான்வழியில் ஏறக்குறைய 355 கிலோமீட்டர். சிறிய ஏடிஆர் விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. அதிலும் சீரான உயரத்தில் பறக்கும் பொழுது கொஞ்சம்தான். மீதி, ஏறுவதிலும் இறங்குவதிலும் போய்விடும். கடிகாரத்தைத் திருத்தவும் வேண்டாம். 2006 முதல் இரு கரைக்கும் ஒரே நேரம்.

ஒருமுறை பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் இருந்தார். மடியில் துணிப்பை, அதன் காதை இரண்டு சுற்றுச் சுற்றி விரலில் பிடித்திருந்தார். ஏடிஆருக்கு இறக்கை மேலே இருப்பதால் சன்னலில் தரை மறைவதில்லை. கடலின் கருநீலம் வெளிறிப் பச்சையானது, பிறகு மணலானது, பிறகு பனைகளின் தலைகள் தெரிந்தன. "அதுக்கிடையில வந்திட்டமோ தம்பி?" என்றார். "வந்துட்டோம்மா" என்றேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. இவ்வளவு கிட்டவா இருந்தது, இத்தனை காலமும்?

இந்த வழி பழைய வழி. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து, பலாலியை அடுத்த காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு அனுப்பியது. பிறகு போர். பலாலி படைத்தளமாயிற்று, சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தார் சென்னைக்கு வர வேண்டுமானால், தெற்கே 400 கிலோமீட்டர் போல் கொழும்புக்குப் போய், கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, விட்டு வந்த வடக்கை நோக்கியே திரும்பப் பறக்க வேண்டும். 2019 அக்டோபர் 17இல் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறந்தது. சில மாதங்களில் பெருந்தொற்று மூடிவிட, 2022 டிசம்பர் 12இல்தான் சென்னை விமானம் மீண்டும் வந்தது. இதற்கிடையில் கடல் ஒரு முழம் விரியவும் இல்லை, ஒரு முழம் சுருங்கவும் இல்லை.

அப்படியானால் தொலைவு எங்கே இருக்கிறது? மலையும் கடலும் வகுத்தது என்று நாம் நம்பியிருக்கும் தொலைவில் பெரும்பகுதி, மனிதர் தம் அச்சத்தாலும் பகையாலும் மறதியாலும் வகுத்தது. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு முப்பது ஆண்டு பேசாதிருக்கும் அண்ணன் தம்பியை நாம் அறிவோம். அவர்களுக்கிடையிலுள்ள பத்தடியை எந்த அளவுகோலால் அளப்பது? வழி அடைபட்டிருக்கும்போது கழிகிற காலம் சும்மா கழிவதில்லை; இந்தப் பக்கம் ஒரு திருமணமும் அந்தப் பக்கம் ஒரு சாவுமாக, ஒருவர் முகம் மற்றவர் நினைவில் இளமையாகவே நின்றுவிட, உடல்கள் மட்டும் மூத்துப்போக, கடைசியில் வழி திறக்கும் நாளில் நமக்குத் திரும்பக் கிடைப்பது இடம் மட்டுமே என்பதும், எவ்வளவு விரைந்து பறந்தாலும் அந்த ஆண்டுகளின் மேல் எந்த விமானமும் பறக்க முடியாதென்பதும் அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

சென்னைக்கு எதற்கு வந்தீர்கள் என்று அந்த மூதாட்டியிடம் கேட்டேன். அக்காவின் வீட்டுக்கு என்றார். சற்றுப் பொறுத்து, "அக்கா இல்லை, பிள்ளையள்தான்" என்றார்.

சக்கரம் தரையைத் தொட்டது. ஓடுபாதைக்கு அப்பால் புதர் ஏறிய நிலத்தில் கூரையில்லாத சுவர்கள் சில நின்றன. துணிப்பையின் காதை இன்னும் விடாமல், அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.