சாவி வைத்திருப்பவர்

சென்னையில் ஒரு பழைய வீடு விலைக்கு வரப்போவது புரோக்கருக்கு முன்பே, சில சமயம் சொந்தக்காரருக்கும் முன்பே, அதைப் பார்த்துக்கொள்பவருக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளில் வாடகை வாங்குவதும், அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரியும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில்லும் கட்டுவதும் அவர்தான்.

பெரியவர் மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டார். ஒழுகும் தளத்தைப் பற்றிச் சொன்னால், "இப்போதைக்கு இருக்கட்டும் சார்" என்று போனில் பதில் வருகிறது. பிறகு ஒரு நாள் பெரிய மகன் வாரிசுச் சான்றிதழ் பற்றி விசாரிக்கிறான். மறுநாள் இளையவன் அதையே விசாரிக்கிறான், அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்ற வேண்டுகோளோடு. இவை எதுவும் வில்லங்கச் சான்றிதழில் ஏறுவதில்லை. மூப்பும் மனஸ்தாபமுமாகிய இந்தச் செய்திகளுக்கு முதலீட்டாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'வாய்ப்பு'.

பங்குச் சந்தையில் உள்விவரம் அறிந்து வியாபாரம் செய்தால் செபி விசாரிக்கும். மனைத் தொழிலில் அதைச் 'செல்வாக்கு' என்று மரியாதையாகச் சொல்கிறோம்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 215ஆம் பிரிவில் ஓர் உதாரணம் தருகிறது. நிலத்தை விற்றுத் தரச் சொல்லப்பட்ட முகவர் அதில் ஒரு சுரங்கம் இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். சொந்தக்காரரிடம் அதை மறைத்துத் தானே வாங்கிக்கொள்கிறார். உண்மை தெரியவந்தால் சொந்தக்காரர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம்.

இன்று சுரங்கம் மண்ணுக்கடியில் இல்லை. சொந்தக்காரரின் களைப்பில் இருக்கிறது: எந்த விலைக்கு இறங்குவார், எந்த மாதத்துக்குள் பணம் வேண்டும், அண்ணன் தம்பி எதில் ஒத்துப்போக மாட்டார்கள். இதை அறிந்தவர் வாங்கவேண்டும் என்பதில்லை. வாங்குபவர் காதில் போட்டால் போதும். சொற்பச் சம்பளத்தில் வருஷக்கணக்காகத் தண்ணீர்த் தொட்டி கழுவிவந்தவருக்கு அதற்காகக் கிடைக்கும் கமிஷன் நியாயமாகவே தோன்றலாம். தெரிந்துகொண்டதிலும் தவறில்லை. முதலில் யாரிடம் சொன்னார் என்பதில்தான் இருக்கிறது எல்லாம். ஏமாந்தது தெரிந்தால்தானே சட்டத்தை நாட முடியும்?

பத்திரம் பதிவான அன்று, சார்பதிவாளர் அலுவலக வாசலில், மகன்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறார்கள்: அப்பாவையும் வீட்டையும் பார்த்துக்கொண்டதற்கு. அவர் கண்களும் கலங்குகின்றன; அதுவும் பொய்யில்லை. சாவியைப் புதிய சொந்தக்காரரிடம் கொடுக்கிறார். "உங்களிடமே இருக்கட்டும்" என்கிறார் அவர்.