சீட்டு எழுதியாயிற்று, சோதனை நடந்ததா?



தீங்கு செய்யாதிருந்தால் மட்டும் போதுமா? செய்யவேண்டியதைக் காலத்தில் செய்யாமல் விடுவதும் குற்றமன்றோ?

முதியோர் இல்லத்தில் ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் வந்து பார்த்து, இரத்தத்தைச் சோதிக்கச் சீட்டு எழுதுகிறார். சோதனைக்கூடத்து ஆள் வருவான் என்று நர்சு இருக்கிறாள். அழைப்பு வரட்டும் என்று அவன் இருக்கிறான். எல்லாம் இல்லத்தார் பார்ப்பார்கள் என்று மகன் இருக்கிறான். யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் தீங்கு நேர்கிறது.

எப்படியெனில், நீர் பிரியும் மாத்திரை உண்ணும் முதியோருக்குச் சோடியம் என்னும் உப்பு இரத்தத்தில் குறையக்கூடும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய அது மிகவும் குறைந்தால் புத்தி தடுமாறும், கால் தள்ளாடும், கீழே விழுவார்கள். நாமோ, "வயதாகிவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம்! வார்ஃபரின் மாத்திரை உண்பவருக்கு இரத்தம் உறையும் நேரத்தைக் குறித்த நாளில் பாராவிட்டால் இரத்தப்போக்கு நேரலாம். இரத்தம் எடுத்துவிட்டாலும் வேலை முடியவில்லை. சாதாரணக் குழாயில் வெறுமனே வைத்திருந்தால் சர்க்கரை மணிக்கு மணி குறைந்து பொய்க்கணக்குக் காட்டும். முடிவை வைத்தியர் கண்ணால் காணும்வரை சோதனை முடிந்ததாகாது.

அமெரிக்க நாட்டுச் சட்டம், சோதனை காலத்தில் நடப்பதற்கு முதியோர் இல்லத்தையே பொறுப்பாக்குகிறது. நம் நாட்டின் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ, உணவு, உடை, உறைவிடத்தோடு வைத்தியத்தையும் பராமரிப்பில் சேர்த்து, அதைப் பிள்ளைகளின் கடமை என்கிறது.

"ஒரு நர்சு எத்தனை பேரைத்தான் பார்ப்பாள்?" என்பீர்கள். நியாயமே. அது நாம் தோள் கொடுப்பதற்குக் காரணமாகுமேயன்றி, கைவிடுவதற்குச் சாக்காகாது. பாவில் ஓர் இழை அறுந்தால் நம் காஞ்சி நெசவாளர் நாளைக்கு என்று விடுவாரா? உடனே தறியை நிறுத்தி முடிந்துவிடுவார். விட்டால் குறை சேலையின் நீளம் முழுதும் ஓடும். பட்டுக்குக் காட்டும் கவனம் பெற்றவளுக்கு வேண்டாமா?

தாய் தந்தையரைச் சங்கித்திருக்கும் கற்பனை அவர்கள் படுக்கையில் விழுந்தபின் முடிந்துபோவதில்லை. ஆகையால், அடுத்த முறை அவர்களைக் காணச் செல்லும்போது பழத்தோடு மூன்று கேள்விகளையும் கொண்டுசெல்லுங்கள்: என்ன சோதனை எழுதினார்கள்? என்று எடுத்தார்கள்? முடிவை வைத்தியர் பார்த்தாரா? அன்போடு கேளுங்கள், விடை கிடைக்கும்வரை கேளுங்கள்.