நாமா, நாங்களா?

பெரிய தொழில் நிறுவனங்களின் வரவேற்பறைகளில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும் கொள்கை வாசகங்களை நம்முள் பலர் பார்த்திருப்போம். நேர்மை, ஒருவரையொருவர் மதித்தல், கூட்டு முயற்சி, வாடிக்கையாளர் நலன் என்று அவை நீளும். இன்று திருப்பெரும்புதூரிலும் சிறுசேரியிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் வேலையில் சேர்ந்ததும் கற்கும் முதற்பாடங்களுள் இவையும் அடங்கும்.

ஆங்கிலத்தில் எழுதப்படும் இவ்வாசகங்கள் பெரும்பாலும் 'வீ' என்ற சொல்லோடு தொடங்குகின்றன. இவற்றைத் தமிழாக்க முனைபவர் முதற்சொல்லிலேயே தயங்கி நிற்பார். ஏனெனில், அந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் உள்ளடக்கிக்கொள்வது 'நாம்'. கேட்பவரை வெளியே நிறுத்திப் பேசுவது 'நாங்கள்'. 'நாம் நேர்மையைப் போற்றுகிறோம்' என்று எழுதுவதா? 'நாங்கள் நேர்மையைப் போற்றுகிறோம். நீங்களும் அவ்வாறே நடந்துகொள்ளுங்கள்' என்று எழுதுவதா? இலக்கணத்தில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு அறநெறியில் மிகப் பெரிது. ஒரு நிறுவனத்தின் மதிப்பீடுகள் அங்கு உழைக்கும் எல்லாருக்கும் பொதுவானவையாக எப்போது மாறுகின்றன என்பதே இங்கு நாம் சிந்திக்க விழையும் வினா.

அப்பமும் நிலமும்

'கம்பெனி' என்ற சொல்லின் வேரைத் தேடினால் இலத்தீன் மொழிக்குச் செல்லவேண்டும். 'கும்' என்றால் உடன். 'பானிஸ்' என்றால் அப்பம். உடனமர்ந்து ஒரே அப்பத்தை உண்பவர்களின் கூட்டுறவே இச்சொல்லின் மூலப்பொருள். ஆகவே, யார் எவ்வளவு உண்கிறார்கள், பஞ்சக் காலத்தில் யாருடைய பங்கு முதலில் குறைக்கப்படுகிறது என்ற கேள்விகள் இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

'பண்பாடு' என்ற சொல்லோ நிலத்தைப் பண்படுத்துவதை நினைவூட்டுகிறது. வரப்பில் நின்று கட்டளையிடுவதால் மட்டும் வயல் பண்பட்டுவிடாது. சேற்றில் இறங்கவேண்டும்; ஆண்டுதோறும் இறங்கவேண்டும். பணியிடப் பண்பாடும் அத்தகையதே. ஒரு நாள் கருத்தரங்கில் அறிவித்துவிட்டால் அது முளைத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

சுவரில் இருந்த சொற்கள்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தலைமையகம் கொண்டிருந்த என்ரான் என்னும் எரிசக்தி நிறுவனம் தனக்கென நான்கு மதிப்பீடுகளை வகுத்திருந்தது: மதிப்பு, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், மேன்மை. அறுபது பக்கங்களுக்கு மேற்பட்ட ஒழுக்க விதித்தொகுப்பையும் அது 2000-ஆம் ஆண்டு வெளியிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் திவாலானது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையிழந்தனர். ஓய்வுக்காலத்திற்கென அவர்கள் சேர்த்துவைத்திருந்த தொகையில் பெரும்பகுதி அந்நிறுவனத்தின் பங்குகளிலேயே முடங்கியிருந்ததால் அதுவும் கரைந்துபோனது. மேலதிகாரிகள் பலரோ அதற்கு முன்பே தங்கள் பங்குகளை விற்றுப் பணமாக்கியிருந்தனர்.

இவ்வீழ்ச்சியில் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தன் பொறுப்பும் தன் ஆதாயமும் மோதும் இடத்தில் ஓர் அதிகாரி அமரக்கூடாது என்பது அந்நிறுவனத்தின் விதி. 1999-இல் நிதித்துறைத் தலைவர் தாமே நடத்தும் கூட்டு முதலீட்டு அமைப்புகளின் வழியாகத் தம் நிறுவனத்தோடு வணிகம் செய்ய விரும்பியபோது, இயக்குநர் குழு அவருக்காக அவ்விதியிலிருந்து விலக்கு அளித்தது. விதியை யாரும் இரகசியமாக மீறவில்லை; முறைப்படி கூட்டம் கூடி அதை ஒதுக்கிவைத்தார்கள். கடைநிலை எழுத்தர் ஒருவருக்கு இத்தகைய விலக்கு கிடைத்திருக்குமா? மதிப்பீடு என்பது கீழிருப்போர்க்குக் கட்டளை, மேலிருப்போர்க்கு அலங்காரம் என்று ஆனபோதே அங்கு 'நாம்' மடிந்து 'நாங்கள்' அரியணை ஏறிவிட்டது.

வெல்ஸ் ஃபார்கோ என்னும் அமெரிக்க வங்கியின் கதையும் இதற்கு அணித்தானதே. தன் நோக்கையும் மதிப்பீடுகளையும் விளக்கத் தனிச் சிறுநூலே வெளியிட்டிருந்த வங்கி அது. ஆனால், ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளை விற்றாக வேண்டும் என்ற இலக்கே கிளை ஊழியர்களை அன்றாடம் ஆட்டிப்படைத்தது. இலக்கை எட்டமுடியாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். ஏறத்தாழ 20 இலட்சம் கணக்குகள் இவ்வாறு திறக்கப்பட்டிருக்கக்கூடும் என 2016-இல் வெளியானது. ஐந்தாண்டுகளில் 5,300 ஊழியர்கள் இதற்காக நீக்கப்பட்டிருந்தனர். முறைகேட்டைச் சுட்டிக்காட்டியபின் வேலையிழந்த மேலாளர் ஒருவரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு 2017-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை ஆணையிட்டது. தலைமை நிர்வாகி 2016-இல் பதவி விலகினார், அவருக்கு 1.75 கோடி டாலர் தண்டமும் வங்கித் தொழிலில் ஈடுபடத் தடையும் விதிக்கப்பட்டது 2020-இல்தான்.

பொய்க் கணக்கு எழுதிய ஊழியரின் குற்றத்தை நாம் மறைக்கவில்லை. மனச்சான்று அவருக்கும் உண்டு. எனினும், வாய் நேர்மையைப் போதிக்க, ஊதியமும் பதவி உயர்வும் வேறொன்றைப் போதித்தால், மனிதர் எதைக் கற்பார்கள்? ஒரு நிறுவனம் எதற்குப் பரிசளிக்கிறது, எதைத் தண்டிக்கிறது என்பதே அதன் மெய்யான மதிப்பீட்டுப் பட்டியல்.

விலை கொடுத்த வேளை

இதற்கு மாறான சான்றும் உண்டு. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் உட் ஜான்சன் 1943-இல் கொள்கை அறிக்கை ஒன்றை எழுதினார். மருத்துவர்கள், செவிலியர், தாய்மார்கள் ஆகியோர்க்கான கடமையை அது முதலில் வைத்தது. அடுத்து ஊழியர், பின்பு சமுதாயம், இறுதியில்தான் பங்குதாரர். 1970-களில் ஜேம்ஸ் பர்க் என்பவர் மேலாளர்களைக் கூட்டி, 'இதை நாம் உண்மையிலேயே நம்புகிறோமா? இல்லையெனில் சுவரிலிருந்து எடுத்துவிடுவோம்' என்னும் போக்கில் விவாதிக்கச் செய்தார். 1982-இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ ஒருவர் சயனைடு நஞ்சு கலந்த டைலினால் மாத்திரைகளால் ஏழு பேர் இறந்தனர். நிறுவனம் நாடெங்கும் இருந்த 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். எழுதிவைத்த வரிசைப்படியே இழப்பை ஏற்றார்கள். பங்குதாரர் இறுதியில் நின்றனர்.

ஆயினும், கதை அத்துடன் முடியவில்லை. நம் இல்லங்களில் குழந்தைகளுக்குப் பூசிய அதே நிறுவனத்தின் பவுடரில் சிறிதளவு கல்நார் கலந்திருந்ததைச் சில சோதனைகள் காட்டின என்றும், நிறுவனம் பல்லாண்டுகளாக அதை அறிந்திருந்தது என்றும் 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. நிறுவனம் இதனை மறுத்துவந்துள்ளது. பல்லாயிரம் பேர் வழக்குத் தொடுத்தனர். வழக்குகளில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் ஒன்று தெளிவு: 1982-இல் காட்டிய நேர்மை வங்கியில் இட்ட வைப்புத்தொகையன்று, அதன் வட்டியில் பின்வரும் தலைமுறை வாழமுடியாது. மதிப்பீட்டுக்கான விலையை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இரண்டு அளவுகோல்கள்

அப்படியானால், 'நாம்' என்ற சொல் உண்மையா எனச் சோதிப்பது எவ்வாறு? இரண்டு அளவுகோல்களை முன்வைக்கிறோம்.

முதலாவது: கடைநிலையில் இருப்பவர் 'நிறுத்துங்கள்' என்று சொல்ல இயலுமா? ஜப்பானின் டொயோட்டா வாகன ஆலைகளில் தொழிலாளர் தலைக்குமேல் கயிறு ஒன்று நெடுங்காலம் ஓடியது. பழுதைக் காணும் எத்தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத்தலைவர் உடனே வருவார். குறித்த நேரத்திற்குள் பழுது தீரவில்லையெனில் உற்பத்தி வரிசையே நிற்கும். இழுத்தவருக்குத் தண்டனை கிடையாது என்பதே அக்கயிற்றின் உயிர். இழுத்தவரை முறைத்துப் பார்க்கும் ஆலையில் கயிறு இருந்தும் பயனில்லை.

இரண்டாவது: இழப்பு வரும்போது அதை யார் சுமக்கிறார்கள்? இங்கே ஓர் அருள்பணியாளரை நினைவுகூர்வது பொருத்தம். உள்நாட்டுப் போரால் சிதைந்திருந்த ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில், மொந்த்ராகோன் என்னும் சிற்றூருக்கு ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியெத்தா 1941-இல் உதவிப் பங்குப் பணியாளராக வந்தார். 1943-இல் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவருடைய மாணவர் ஐவர் 1956-இல் அமைத்த தொழிலகத்திலிருந்து வளர்ந்த கூட்டுறவுக் குழுமத்தில் இன்று ஏறத்தாழ 70,000 பேர் உழைக்கின்றனர். உறுப்பினர் எவராயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு. மிகக் குறைந்த ஊதியத்தைப்போல் மூன்று மடங்கிற்கு மேல் எவருக்கும் இல்லை என்பது தொடக்ககால விதி. பின்னர் இவ்விகிதம் உயர்ந்தபோதும், பிற பெருநிறுவனங்களோடு ஒப்பிட இடைவெளி மிகக் குறைவே. 2013-இல் குழுமத்தின் புகழ்பெற்ற உறுப்பான ஃபாகோர் வீட்டுச்சாதன நிறுவனம் வீழ்ந்தபோது, அதன் கூட்டுறவு உறுப்பினருள் பெரும்பாலோருக்குப் பிற கூட்டுறவுகளில் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. அப்பத்தை உடனிருந்து உண்டவர்கள் பசியையும் பகிர்ந்துகொண்டனர்.

ஆனால், இங்கும் ஒரு வேலி இருந்தது. ஃபாகோரின் பிரான்சு, போலந்து நாட்டுத் துணை நிறுவனங்களில் உழைத்தோர் கூட்டுறவின் உறுப்பினரல்லர்; கூலிக்கு உழைத்தவர்கள். அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு எட்டவில்லை. உறுப்பினருக்கு 'நாம்' என்று ஒலித்த சொல் அவர்கள் செவியில் 'நாங்கள்' என்றே விழுந்திருக்கும். எவ்வளவு நல்ல 'நாம்' ஆயினும், அதன் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்கவேண்டியுள்ளது.

குடும்பம் என்னும் சொல்

'நாம் எல்லாரும் ஒரே குடும்பம்' என்று நிறுவனங்கள் கூறுவதும் வழக்கமாகிவிட்டது. இனிமையான இச்சொல்லில் ஓர் ஆபத்து உண்டு. வருமானம் குன்றியதென்று எந்தத் தாயும் தன் பிள்ளையைப் பணிநீக்கம் செய்வதில்லை. குடும்பம் என்ற பெயரால் இரவு பகலாக உழைப்பைக் கேட்டுவிட்டு, நட்டம் வந்தவுடன் ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டுவது நீதியாகாது. நிறுவனம் ஊழியரின் திறமையைப் பெறலாம், நேரத்தைப் பெறலாம். அவருடைய மனச்சான்றுக்கு உரிமை கொண்டாட முடியாது. அந்த மனச்சான்று தேவைப்படும்போது நிறுவனத்தையே எதிர்த்துப் பேசும் உரிமையைக் காப்பதுதான் நல்ல பண்பாடு.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என வலியுறுத்துகிறது. பொதுவான பணித்தளத்தில் உழைக்கும்போதும், தமக்காகவே உழைக்கிறோம் என்ற உணர்வு தொழிலாளிக்கு வேண்டும் என்றும் அது கூறுகிறது. அவ்வுணர்வைச் சுவரொட்டியால் ஊட்ட முடியாது.

நம் வாயிலில்

இவையெல்லாம் அயல்நாட்டுப் பெருநிறுவனங்களின் கதைகள் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. நம் பள்ளிகள், மருத்துவமனைகள், சமூகப்பணி மையங்கள் ஆகியவற்றின் வாயில்களிலும் நோக்கமும் இலட்சியமும் அழகிய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அன்பு, நீதி, ஏழையர்க்கு முன்னுரிமை என அவை பேசுகின்றன. அச்சொற்கள் நமக்கு இரவலாக வந்தவை அல்ல, நற்செய்தியிலிருந்து பெற்றவை. ஆகவே நம்மிடம் கேட்கப்படும் கணக்கும் பெரிது. ஆயாவின் ஊதியம் எவ்வளவு? நிரந்தரமாக்கப்படாத ஆசிரியை தமக்கு இழைக்கப்படும் அநீதியை அஞ்சாமல் எடுத்துரைக்க ஒரு கதவு திறந்திருக்கிறதா? செலவைக் குறைக்கவேண்டிய ஆண்டில் வெட்டு எங்கிருந்து தொடங்குகிறது?

இவற்றுக்கு விடை காண நிபுணர் குழு தேவையில்லை. நிர்வாகக் குழு அடுத்தமுறை கூடும்போது, அந்நிறுவனத்தில் மிகக் குறைந்த ஊதியம் பெறும் பணியாளரை அழைத்து நாற்காலி தரட்டும். வாயிலில் உள்ள வாசகத்தை அவருக்குப் படித்துக் காட்டட்டும். அவர் அதைத் தம் வாயால் திரும்பச் சொல்லும்போது 'நாம்' என்று தொடங்குகிறாரா, 'நீங்கள்' என்று தொடங்குகிறாரா என்பதைக் கேட்டறிந்தபின், வரவு செலவுத் திட்டத்தைக் கையில் எடுக்கட்டும்.