மண்ணும் சக்கரமும் குயவனும்

இல்லாத ஒன்று புதிதாகப் பிறக்கிறதா, முன்பே மறைந்து கிடந்த ஒன்று வெளிப்படுகிறதா என்னும் வினா இந்தியத் தத்துவ மரபில் பல நூற்றாண்டுகள் நடந்த வழக்கு. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் இன்றும் புத்தாக்கம் செய்கின்றனவா, கையில் உள்ள பொருளையே மெருகேற்றி விற்கின்றனவா என்று இப்போது நடக்கும் விவாதம் அந்த வழக்கின் ஒரு கிளையே. ஆனால் அது சந்தை, பங்கு விலை, விற்பனை எண்ணிக்கை ஆகியவற்றின் மொழியில் நடப்பதால், 'புதியது' என்ற சொல்லுக்கு இரு தரப்பாரும் வெவ்வேறு பொருள் கொண்டிருப்பது வெளியில் தெரிவதில்லை. புதுமை நின்றுவிட்டது என்போர், 2007ஆம் ஆண்டு வந்த முதல் ஐபோனுக்கும் அதற்கு முந்தைய கைபேசிகளுக்கும் இருந்த இடைவெளியை இன்று அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும் இரு கைபேசிகளுக்கு நடுவே தேடி, காணாமல் மனம் சலிக்கின்றனர். புதுமை தொடர்கிறது என்போர், அந்த முதல் ஐபோனே தொடுதிரை, லித்தியம் அயனி மின்கலம், இணையம் முதலிய பழைய பொருள்களின் சேர்க்கைதான் என்று காட்டி, சேர்க்கையும் மெருகும் அல்லாத புதுமை எங்கே உண்டு என்று கேட்கின்றனர். முதல் தரப்பார் தாம் அறியாமலே நையாயிகராகவும், இரண்டாம் தரப்பார் தாம் அறியாமலே சாங்கியராகவும் பேசுகின்றனர்.

சாங்கியர் கொள்வது சற்காரியவாதம். அதாவது, காரியம் தோன்றுவதற்கு முன்பே தன் காரணத்துக்குள் நுண்ணிய நிலையில் உள்ளதாய் இருக்கிறது என்னும் கொள்கை. தயிர் வேண்டுபவர் பாலைத் தேடுகிறாரே அன்றித் தண்ணீரைத் தேடுவதில்லை. எள்ளை ஆட்டினால் எண்ணெய் வரும், மணலை ஆட்டினால் வராது. ஆகவே எண்ணெய் எள்ளில் முன்பே இருந்தது என்பர். ஈசுவரகிருஷ்ணர் இயற்றிய சாங்கிய காரிகையின் ஒன்பதாம் செய்யுள் இதற்கு ஐந்து ஏதுக்களை அடுக்குகிறது. நையாயிகரும் வைசேடிகரும் இதை மறுத்து அசற்காரியவாதம் கூறினர்: நூல்களுக்குள் ஆடை ஒளிந்திருக்கவில்லை, நெய்து முடிந்தபோது நூலுக்கு இல்லாத பண்பும் பயனும் உடைய வேறொரு பொருள் தொடங்குகிறது, தனி நூலை உடுத்த முடியாது என்பதே அதற்குச் சான்று என்றனர். மண்ணிலேயே குடம் இருந்தால் குயவன் எதற்கு என்றும் கேட்டனர். மறைந்திருந்ததை வெளிப்படுத்துவதற்கு என்பது சாங்கியரின் விடை. அந்த வெளிப்பாடாவது முன்பே இருந்ததா, இல்லையா என்று நையாயிகர் மீண்டும் மடக்கினர். இருந்தது என்றால் குயவனின் உழைப்பு வீண், இல்லை என்றால் இல்லாதது ஒன்று தோன்றியதாகிவிடும். இந்தக் கடைசிக் கேள்வி எளிதில் தள்ளத்தக்கது அன்று. பொருளை மட்டும் பார்த்துப் புதுமையை அளக்க முயலும் எவரும் இறுதியில் இந்த முடிச்சில்தான் வந்து நிற்கின்றனர்.

சைவ சித்தாந்தமும் சற்காரியவாதத்தையே ஏற்கிறது. ஆயினும் அது மண்ணைப் பற்றிய விசாரணையோடு நின்றுவிடாமல், காரணத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றின் பங்கையும் கேட்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், ஏனெனில் அதுவே குடமாக மாறுகிறது. தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், ஏனெனில் அவை மாற்றத்துக்கு உதவித் தாம் மாறாமல் நிற்கின்றன. குயவன் நிமித்தகாரணம், ஏனெனில் இன்னது வேண்டும் என்னும் அறிவும் விருப்பமும் செயலும் அவனுடையவை. உலகத்தின் தோற்றத்தில் இம்மூன்றும் முறையே மாயை, சத்தி, சிவம் ஆகும். மெய்கண்டாரின் சிவஞானபோதமும் அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் நிறுவும் வாதங்களுள் ஒன்று, அறிவற்ற முதற்காரணம் தானே காரியப்படாது, அறிவுடைய வினைமுதல் ஒருவன் வேண்டும் என்பது. இறைவனின் படைப்பைப் பற்றிய ஆராய்ச்சியை ஒரு வணிக நிறுவனத்தின்மேல் அப்படியே ஏற்றுவது முறையாகாது. ஆனால் அந்தப் பகுப்பு நம் வினாவைத் திருத்தித் தருகிறது. குடம் புதியதா பழையதா என்று கேட்பதை விட்டு, மண்ணும் சக்கரமும் கைவசம் இருக்கக் குயவன் என்ன விரும்பினான் என்று கேட்கலாம்.

அப்படிக் கேட்பதற்கு ஏற்ற பொருள் ஒன்று 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் உருவாக்கிய அந்தப் பெட்டி ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை கொண்டது. அதன் வில்லை, நிறுவனத்தின் சூப்பர் 8 திரைப்படக் கேமராவுக்கு உரியது. ஒளியை மின்னேற்றமாக மாற்றிய சில்லு ஃபேர்சைல்ட் நிறுவனம் விற்றது. படம் பதிந்தது பாட்டுப் பதியும் சாதாரண கேசட் நாடாவில். பார்த்தது தொலைக்காட்சிப் பெட்டியின் திரையில். குறுக்கே நூறும் நெடுக்கே நூறுமாகப் பத்தாயிரம் புள்ளிகளைக் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் நாடாவில் ஏறி முடிய 23 வினாடி ஆயிற்று. டிஜிட்டல் கேமரா என்று இன்று வழங்கும் பொருளின் முதல் உருவம் இது. அதில் எந்த நூலும் புதியது அன்று, ஆடை மட்டுமே புதியது. நையாயிகருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதே வேளையில், அது அவ்வளவும் கோடாக்கின் எட்டும் தூரத்தில் முன்பே கிடந்தது என்று சாங்கியரும் சொல்லலாம்.

கோடாக் இந்தக் கண்டுபிடிப்பை முற்றிலும் புதைத்துவிட்டது என்று பலர் எழுதுவது மிகை. அது 1978இல் காப்புரிமை பெற்றது. 1991இல் தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கு டிஜிட்டல் கேமராவை விற்கவும் செய்தது. ஆனால் அதன் வருவாய் கேமராவிலிருந்து வரவில்லை. படச்சுருளும் அச்சிடும் தாளும் கழுவும் வேதிப்பொருளும் மீண்டும் மீண்டும் விற்றுத்தான் வந்தது, புதிய பெட்டிக்கோ அவற்றில் ஒன்றும் தேவையில்லை. பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த நிலையை முன்பே கணித்திருந்தார்: சந்தையைத் தனியே ஆளும் நிறுவனம் புதியதைக் கொண்டுவந்தால் அது தன் பழைய இலாபத்தைத் தானே இடம்பெயர்க்கிறது, ஆகையால் இழக்க ஒன்றும் இல்லாத புதியவனுக்கு இருக்கும் ஊக்கம் அதற்கு இருக்க முடியாது. மாறாக ஜோசப் ஷும்பீட்டர், 1942இல் வந்த தம் நூலில், பெரிய நிறுவனத்துக்கே ஆராய்ச்சிக்கான செல்வமும் பொறுமையும் உண்டு என்று வாதிட்டார். காரணப் பகுப்பைக் கையில் வைத்துப் படித்தால் இருவரும் முரண்படவில்லை என்பது விளங்கும்: ஷும்பீட்டர் முதற்காரணத்தையும் துணைக்காரணத்தையும் பேசுகிறார், ஆரோ நிமித்தகாரணத்தைப் பேசுகிறார். கோடாக்கிடம் மண்ணும் சக்கரமும் நிறைந்திருந்தன. அந்தக் குடத்தைச் சந்தைக்கு அனுப்பும் விருப்பம் வேண்டிய காலத்தில் வேண்டிய அளவு இல்லை. 2012 ஜனவரியில் அது திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது.

நம் காலத்தில் இதே அமைப்பு இன்னும் தெளிவாகத் தெரிவது கூகுளில். 2017ஆம் ஆண்டு அந்த நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றிய எட்டு ஆய்வாளர்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்ற கணிமுறையை வெளியிட்டனர். அதற்கு முன் மொழிபெயர்ப்புக்குப் பயன்பட்ட நரம்பு வலைகள், ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாக, முன்னதை நினைவில் ஏற்றிக்கொண்டே பின்னதைப் படித்தன; எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல்லோடு உறவு என்று கவனிக்கும் 'கவனம்' என்ற உத்தி 2014 முதல் அவற்றோடு துணையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. எட்டுப் பேர் செய்தது, துணையாக இருந்ததை வைத்துக்கொண்டு முதன்மையாக இருந்ததை அகற்றியது. வரிசைப்படி படிப்பதைக் கைவிட்டு, வாக்கியத்தின் எல்லாச் சொற்களையும் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று ஒப்பிடச் செய்தது. சொற்களின் இட வரிசையைக் காட்ட ஒரு தனிக் குறியீட்டை மட்டும் சேர்த்தனர். அகற்றியதனால் பெரிய கணிப்பொறித் தொகுதிகளில் கற்பித்தல் பன்மடங்கு விரைவாயிற்று, பின்னர் வந்த பெரிய மொழி மாதிரிகள் பெரும்பாலும் அதன்மேல் எழுந்தன. திரையை நீக்கினால் உள்ளது வெளிப்படும் என்னும் சித்தாந்த உவமைக்கு இந்த அகற்றல் மிக நெருங்கி வருகிறது. கூட்டுவதே புதுமை என்று எண்ணிப் பழகிய மனத்துக்கு இது நின்று சிந்திக்கத்தக்க இடம்.

ஆனால் அந்தக் கணிமுறையைப் பொதுமக்கள் கையில் உரையாடும் கருவியாகக் கொடுத்தது கூகுள் அன்று. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ. கூகுளிடம் உரையாடும் மாதிரி முன்பே இருந்தது, 2021இல் அதை லாம்டா என்ற பெயரில் அறிவித்தும் இருந்தது. அதைப் பொதுமக்களுக்குத் திறக்கக் கூகுளைத் தயங்க வைத்த, தவறான விடைகள் தன் நற்பெயரைக் கெடுக்கும் என்ற கவலை உண்மையானது, அதைக் குறை சொல்வதற்கில்லை. எனினும், அதன் தாய் நிறுவனத்தின் வருவாயில் பாதிக்கு மேல் தேடல் விளம்பரங்களிலிருந்து வருகிறது. விடையை நேரே சொல்லிவிடும் கருவி, பத்து இணைப்புகளைக் காட்டி நடுவே விளம்பரம் வைக்கும் பக்கத்தின் அடித்தளத்தையே அசைக்கும். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்துக்குச் சித்தாந்திகள் சொல்லும் உவமைகளுள் ஒன்று நெல்லின் உமி: அது வெளியிலிருந்து வந்து ஒட்டியது அன்று, அரிசியோடு உடன் இருப்பது. நிறுவனத்துக்கு உயிர் இல்லை, மலமும் இல்லை. ஆனால் இலாபம் தரும் பழைய பொருள் புதியதோடு ஒட்டி நின்று, அதற்கு உணவும் கொடுத்து, அதையே மூடியும் வைக்கும் விதம் உமியை ஒத்திருக்கிறது. விளம்பரப் பணம் இல்லாவிட்டால் அந்த எட்டுப் பேருக்கு ஆய்வுக்கூடமே இருந்திராது என்பதையும் மறக்கக் கூடாது.

இதிலிருந்து மெருகேற்றல் தாழ்ந்தது என்ற முடிவுக்குப் போவது பிழை. மெருகேற்றலே தன்னைக் கடந்து செல்லும் இடங்கள் உண்டு. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் செய்யும் இயந்திரம் அத்தகையது. சில்லுகளின்மேல் ஒளியால் கோடு வரைவது பல பத்தாண்டுகளாக நடக்கும் தொழில். கோடு மெலிய வேண்டுமானால் ஒளியின் அலைநீளம் குறைய வேண்டும், அது படிப்படியாகக் குறைந்து 193 நானோமீட்டருக்கு வந்து நின்றது. அடுத்த படியாக 13.5 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைத் தேர்ந்தபோது, அந்தக் கதிரைக் காற்றும் கண்ணாடி வில்லையும் விழுங்கிவிடும் என்பதால், பழைய கருவியின் ஒளியமைப்பு உதவவில்லை. வெற்றிடத்துக்குள் உருகிய வெள்ளீயத்தின் துளிகள் வினாடிக்கு 50,000 என விழுகின்றன. விழும் ஒவ்வொரு துளியையும் லேசர் இருமுறை தாக்குகிறது, முதல் அடியில் துளி தட்டையாகிறது, இரண்டாம் அடியில் அது கொதிக்கும் பிளாஸ்மாவாகி அந்தக் கதிரை உமிழ்கிறது. வில்லைகளுக்குப் பதிலாக, அணு அளவில் சமன் செய்யப்பட்ட ஆடிகள் அதை வளைத்துச் சில்லின்மேல் சேர்க்கின்றன. 1980களில் தொடங்கிய ஆராய்ச்சி பெருமளவு உற்பத்திக்கு வந்தது 2019 அளவில். நோக்கம் பழையது, இன்னும் மெல்லிய கோடு என்பதே; வழியோ பெரும்பாலும் புதியது. 1971இல் இன்டெல் 4004 சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன, 2020இல் வந்த ஆப்பிளின் எம்1 சில்லில் 1,600 கோடி இருந்தன. இவ்வளவு பெருக்கத்தை மெருகு என்று பெயரிட்டு ஒதுக்குபவர், எள்ளுக்கும் எண்ணெய்க்கும் இடையே செக்கு இருப்பதை மறந்தவர்.

நோக்கத்துக்கும் வழிக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கொண்டு பார்த்தால், ஆண்டுதோறும் வரும் கைபேசியின் மேல் எழும் சலிப்பில் நியாயம் உண்டு என்றே சொல்ல வேண்டும். அங்கே நோக்கமும் பழையது, வழியும் பழையது. பழையதைக் கைவிடும் துணிவு ஏஎஸ்எம்எல்லின் ஆடிகளிலும் கூகுளின் எட்டுப் பேரிடமும் இருந்தது. சற்றே ஒளி கூடிய திரையில் அது இல்லை. இன்ஸ்டாகிராமை 2012இல் 100 கோடி டாலருக்கும் வாட்ஸ்அப்பை 2014இல் 1,900 கோடி டாலருக்கும் ஃபேஸ்புக் வாங்கியது போன்ற கொள்முதல்களைப் புத்தாக்கக் கணக்கில் சேர்ப்பதும் தகாது. பிறன் வனைந்த குடத்தை வாங்குபவன் குயவன் ஆவதில்லை.

பழைய இலாபம் இடும் திரை எப்போது நீங்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு விடை உண்டு, அது நிறுவனத்தின் உள்ளிருந்து வந்தது அன்று. 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டரைக் கண்ட பெல் ஆய்வுக்கூடம், அமெரிக்கத் தொலைபேசியைத் தனியே ஆண்ட ஏடி&டி நிறுவனத்தைச் சேர்ந்தது. ஏகபோக வழக்கு 1949 முதல் அந்நிறுவனத்தின் தலைமேல் தொங்கியது. 1952இல் அது 25,000 டாலர் முன்பணம் பெற்று, கேட்டவர்க்கெல்லாம் டிரான்சிஸ்டர் செய்யும் முறையைக் கற்றுக் கொடுத்தது. 1956இல் வழக்கு முடிந்தபோது தன் பழைய காப்புரிமைகளைக் கட்டணமின்றித் திறந்துவிடவும் இசைந்தது. உரிமம் வாங்கிய நிறுவனங்களுள் ஒன்று, பின்னாளில் சோனி என்று பெயர் பெற்ற சிறிய ஜப்பானிய நிறுவனம். 1955இல் அது ஒரு டிரான்சிஸ்டர் வானொலியை விற்றது. மண்ணை வைத்திருந்தவர் அதைப் பங்கிட வேண்டி வந்ததால், அவர் நினைத்திராத குயவர்கள் எழுந்தனர். புதுமையை உண்மையில் விரும்பும் ஒரு சமூகம் நிறுவனங்களின் ஆய்வுச் செலவைக் காட்டிலும் இந்தப் பங்கீட்டின் மேல் கண் வைக்க வேண்டும்.

கூகுளின் எட்டுப் பேருக்கு அத்தகைய வழக்கு எதுவும் தேவைப்படவில்லை. கட்டுரை வெளியானதும் கணிமுறை எல்லார்க்கும் பொதுவாயிற்று, அவர்களும் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் பெரும்பாலோர் சொந்த நிறுவனங்களைத் தொடங்கினர். 2023ஆம் ஆண்டுக்குள் எட்டுப் பேரும் கூகுளை விட்டுச் சென்றிருந்தனர். அவர்களுள் ஒருவரான நோம் ஷசீரை, அவர் தொடங்கிய நிறுவனத்தின் தொழில்நுட்ப உரிமத்துக்குப் பெரும்பொருள் கொடுத்து, 2024இல் கூகுள் திரும்ப அழைத்துக்கொண்டது.