ஆண்டு விழாவில் விடுபட்டவர்கள்



சென்ற சனிக்கிழமை மாலையில் நம் பங்கு நடுநிலைப் பள்ளியின் ஆண்டு விழா சர்வேசுரனுடைய கிருபையால் நல்லபடியாக நடந்தேறியது. வந்தவர்கள் கண்டு மகிழ்ந்தீர்கள். வரக்கூடாமற் போனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம் பெண்பிள்ளைகளின் கோ-கோ அணி இரண்டாம் இடம் பெற்று வந்ததே, அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும் மேடையேறிப் பரிசு வாங்கினார்கள். நான்காம் வகுப்பார் பதினாறாம் வாய்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். அந்த வாய்பாடு எனக்குப் பாதிக்கு மேல் மறந்து போனது என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டேன். தாவீதும் கோலியாத்தும் நாடகத்தில், கல் பட்டதும் விழவேண்டிய கோலியாத்து கூட்டத்தில் தன் தாயைத் தேடிக்கொண்டு நின்றுவிட, "விழுடா" என்று தாவீது ஒலிபெருக்கிக்கு எதிரிலேயே அதட்டியதை நீங்கள் இன்னும் வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பிள்ளை பிறகு விழுந்த விழுகையில் மேடைப் பலகை ஒன்று பெயர்ந்து போனது என்பதையும் கணக்குக்காகச் சொல்லி வைக்கிறேன்.

விழாவுக்கு வந்த வட்டாரக் கல்வி அலுவலர், இந்தக் கல்வி மாவட்டத்தில் தாம் பார்த்த பள்ளிகளில் இவ்வளவு கூச்சமில்லாமல் பேசும் பிள்ளைகளைக் கண்டது அபூர்வம் என்று சொன்னார். தலைமை ஆசிரியையான கன்னியர் முதல் ஆசிரியர்கள் எல்லாருக்கும், மேடைக்கும் விளக்குக்கும் உதவின பெரியவர்களுக்கும், தாளாளர் என்ற முறையில் நானே சால்வை அணிவித்தேன். மொத்தம் பதினொரு சால்வை. எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்தவனைப் போலத் திருப்தியாய்ப் படுக்கப் போனேன்.

மறுநாள் முதற் பூசை முடிந்து நான் கோயில் வாசலில் நிற்கையில், இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் அங்கியைப் பிடித்து இழுத்தான். "சாமி, எல்லாருக்கும் சால்வை போட்டீங்களே, சத்துணவு ஆயாவுக்கு மட்டும் ஏன் போடல?" என்று கேட்டான்.

பிரியமானவர்களே, நான் குருமடத்தில் பிரசங்கம் செய்யக் கற்றவன். கேள்விக்கு விடை சொல்லவும் பழகினவன். அந்தப் பையனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. "மறந்துட்டேன்பா" என்றேன். அவன் என்னை நம்பினவனைப் போலத் தலையாட்டிவிட்டு ஓடிப்போனான். மறந்தேன் என்பது உண்மைதான். ஆனால் ஏன் மறந்தேன்? பெயர்ப் பட்டியலை எழுதினவன் நான். அதில் நன்கொடையாளர் ஒருவர் பெயரும் விடுபடக்கூடாதென்று மூன்று முறை சரிபார்த்தேன். சமைக்கிற அம்மாளுடைய பெயரோ, உதவியாளுடைய பெயரோ, விடியற்காலையில் வந்து காலை உணவு ஆக்குகிற மகளிர் குழுப் பெண்கள் இருவருடைய பெயரோ, கூட்டிப் பெருக்குகிற பாட்டியினுடைய பெயரோ, எந்தத் தடவையிலும் என் நினைவுக்கு வரவில்லை. இது ஞாபகக் குறைவு அல்ல, பார்வைக் குறைவு. தபசுகாலம் தொடங்கப்போகிற இந்நாட்களில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு நானும் போகவேண்டியவன் என்பதற்காக இதை உங்களுக்கு முன்பாகவே சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலையே அந்த அம்மாளைக் காணப் போனேன். வருத்தமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, நான் பின்னால நின்னு நல்லாப் பாத்தேன், எம் பிள்ளைங்க எல்லாம் நல்லாச் செஞ்சாங்க" என்றார்கள். "எம் பிள்ளைங்க" என்று அவர்கள் சொன்னது நூற்றுச் சொச்சம் பேரை. பிறகு பேச்சோடு பேச்சாக ஒரு சங்கதி சொன்னார்கள். மற்ற நாளைக் காட்டிலும் திங்கட்கிழமை பிள்ளைகள் அதிகமாய்ச் சாப்பிடுவார்களாம்; இரண்டாம் முறை, மூன்றாம் முறை தட்டை நீட்டுவார்களாம். ஏன் என்று கேட்டேன். "சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லையே சாமி" என்றார்கள்.

இதை வாசிக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, சற்று நின்று யோசியுங்கள். திங்கட்கிழமை மூன்றாம் முறை தட்டை நீட்டுகிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தது? நம்மோடு கோயிலில் இருந்தது. உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தது. நான் பிரசங்கம் பண்ணினேன், நீங்கள் கேட்டீர்கள், பாடற்குழுவார் பாடினார்கள். அந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து, வெறும் வயிற்றோடு திரும்பியது. பங்குக் குருவுக்கும் தெரியவில்லை, பங்கு மக்களுக்கும் தெரியவில்லை. கரண்டி பிடிக்கிற ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.

அர்ச். அருளப்பர் எழுதின சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். திரளான ஜனங்கள் பசியாயிருந்தபோது பிலிப்பு என்னும் சீஷர் பணக்கணக்குப் பார்த்தார். இருநூறு வெள்ளிப் பணத்து அப்பம் வாங்கினாலும் போதாது என்று சொன்னார். கணக்குச் சரிதான். அர்ச். பெலவேந்திரரோ கூட்டத்துக்குள் கண்ணோட்டினவர். எந்தப் பையனிடத்தில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் என்று எண்ணிச் சொன்னார். வாற்கோதுமை அந்த நாட்டில் ஏழைகளின் தானியம். அந்தப் பையனுடைய பெயர் சுவிசேஷத்தில் இல்லை. அந்த அப்பத்தை விடியற்காலையில் சுட்டுக் கட்டிக்கொடுத்தவள் ஒருத்தி இருந்திருக்கவேண்டும், அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சேசுநாதர் சுவாமி ஆசீர்வதித்துக் கொடுத்தது அவள் சுட்ட அப்பத்தைத்தான்.

பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது இன்றைக்கு நேற்று வந்த வழக்கமல்ல. 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. தகப்பனாரைச் சிறு வயதில் இழந்து, படிப்பைப் பாதியில் விட்டுக் கடையில் வேலைக்கு நின்ற காமராசர், முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956இல் அதை மாநிலம் முழுமைக்குமாக ஆக்கினார். பசியின் அருமை அறிந்தவர் செய்த காரியம் அது. 1982இல் அது சத்துணவுத் திட்டமாய் விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவு தொடங்கியது. 2024ஆம் ஆண்டு ஜூலை 15, காமராசர் பிறந்த நாளன்று, ஊர்ப்புறங்களில் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆட்சிகள் மாறினாலும் உலை அணையவில்லை. இதற்காக நன்றி சொல்ல நாம் கட்சி பார்க்கவேண்டியதில்லை. ஆனால் அரசாங்கத்து உலைக்கு ஞாயிறு விடுமுறை. ஞாயிறு நம்முடைய நாள்.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்களுக்குச் சால்வை போட்டதோடு நம் கடன் தீர்ந்ததா? ஆசிரியர்களுக்குப் பாதுகாவலராக 1950இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர் குறித்துக்கொடுத்த அர்ச். தெ லா சால் என்பவருடைய சரித்திரத்தில் ஒரு கட்டம் உண்டு. அவர் பிரான்சு தேசத்து ரைம்ஸ் பட்டணத்தில் 1651இல் செல்வக் குடும்பத்தில் பிறந்து, பேராலயத்தில் வருமானமுள்ள உயர்ந்த பதவியிலிருந்த குருவானவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த எளிய உபாத்தியாயர்களைத் தம் சொந்த வீட்டுப் பந்தியிலேயே உட்காரவைத்தார், உறவினர் சினந்தார்கள். ஒருநாள் அவர் தேவ பராமரிப்பை நம்பியிருங்கள் என்று அவர்களுக்குப் புத்தி சொன்னபோது, உமக்குச் சொத்தும் பதவியும் இருக்கிறது, நீர் சொல்வது எளிது, பள்ளிக்கூடம் மூடினால் நாங்கள் அல்லவோ தெருவில் நிற்போம் என்று அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவர் கோபிக்கவில்லை. அவர்கள் சொன்னது நியாயம் என்று கண்டு, 1683இல் பதவியை விட்டார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் ஆஸ்தியை ஏழைகளுக்கு அப்பமாக்கினார். பிள்ளைகளுக்கு முதலில் இலத்தீனில் அல்ல, அவர்கள் வீட்டில் பேசும் பாஷையிலேயே எழுத்து வாசிக்கக் கற்பிக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தவரும் அவரே.

இங்கே ஒரு கசப்பான வார்த்தை சொல்ல எனக்கு உத்தரவு கொடுங்கள். நம் ஆசிரியர்கள் ஒவ்வோர் ஆண்டும் கோடை வெயிலில் வீடு வீடாய் ஏறி இறங்கிப் பிள்ளை கேட்கிறார்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் இடம் குறையும் என்பது சட்டம். கதவைத் திறக்காமல் சன்னல் வழியாய்ப் பதில் சொல்லி அனுப்பினவர்களும் நம் பங்கில் உண்டு. ஆங்கிலம் வேண்டுமென்று உங்கள் பிள்ளையை வேனில் வைத்துப் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள். அதில் பாவம் ஒன்றுமில்லை. உங்கள் பிள்ளையின் காரியம் உங்கள் கையில் இருக்கிறது. என் வருத்தம் வேறு. வேன் வந்த நாள் முதல், கோயிலுக்கு அடுத்த சுவருக்குப் பின்னால் படிக்கிற பிள்ளை யாரென்று உங்களுக்குத் தெரியாமல் போயிற்று. ஒரே பங்கில் ஞானஸ்நானம் பெற்ற இரண்டு பிள்ளைகள் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல் வளர்கிறார்கள். "சரியாப் படிக்கலேன்னா அந்தப் பள்ளிக்கூடத்துல போட்டுடுவேன்" என்று ஒரு தாய் தன் மகனை மிரட்டியதை என் காதாலேயே கேட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று அப்போது அருகில் நின்றுகொண்டிருந்தது. அதையாவது சொல்லாதிருங்கள்.

நம் பள்ளிப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றும் நீங்கள் அறியவேண்டும். இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை தோறும் நடமாட முடியாத முதியோர் வீடுகளுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வைக்கிறார்கள், மாத்திரைச் சீட்டை வாசித்துக் காட்டுகிறார்கள், போகும்போது ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு வருகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்கிற இந்தக் கடைசிக் காரியத்தைக் கேட்டபோது எனக்கு அர்ச். சவேரியார் ஞாபகம் வந்தார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் பண்ணி, பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தார். நோயாளிகள் அவரை அழைத்தபோது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர முடியாமல், அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். அவர்கள் போய்ப் படுக்கையருகே நின்று விசுவாச மந்திரம் சொல்லி வந்தார்கள். நம் கடற்கரையில் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாய் நடக்கிற வேலையை, இந்தப் பிள்ளைகள் தாங்கள் அறியாமலே தொடர்ந்து செய்கிறார்கள். இதற்கு ஆண்டு விழாவில் பரிசு வைக்கவில்லை. வைத்தால் கெட்டுப்போகும் என்பது என் அபிப்பிராயம். உதவித் தலைமை ஆசிரியர் என்னோடு இதில் ஒத்துப்போகவில்லை.

இனி நாம் செய்யப்போகிற காரியத்துக்கு வருகிறேன். தபசுகாலத்து ஆறு ஞாயிறுகளிலும் இரண்டாம் பூசைக்குப் பின் ஞானோபதேச வகுப்பு முடிந்ததும், பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையார் பொறுப்பேற்றிருக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கென்று தனிப் பந்தி கிடையாது. பெயர் எழுதுவதும் கிடையாது. பங்கின் எல்லாப் பிள்ளைகளும் உட்காரவேண்டும். வேனில் போகிற பிள்ளைகள் கட்டாயம் உட்காரவேண்டும். அவர்களைச் சாப்பிடாமல் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகிற பெற்றோரிடத்தில் நான் வாசலில் நின்று காரணம் கேட்பேன். உங்களால் ஆனது வெள்ளிக்கிழமை ஒருசந்தியில் மிச்சமாகிற அரிசி. அதைச் சனிக்கிழமை மாலைக்குள் அறைவீட்டுத் திண்ணையில் இருக்கும் பானையில் போட்டுவிட்டுப் போங்கள். எவ்வளவு என்று யாரும் அளக்கமாட்டார்கள். ஆறு ஞாயிறு முடிந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பாஸ்குத் திருநாளுக்குப் பின் கூடிப் பேசுவோம். திங்கட்கிழமை தட்டுகள் எப்படியிருந்தன என்று சமைக்கிற அம்மாளைக் கேட்டுக்கொண்டு பேசுவோம்.

முதல் ஞாயிறன்று அந்த அம்மாளும், உதவியாளும், காலை உணவு ஆக்குகிற பெண்கள் இருவரும், கூட்டுகிற பாட்டியும் அடுப்பங்கரைக்கு வரக்கூடாது. அவர்கள் முதல் பந்தியில் இலைக்கு முன் உட்காருவார்கள். தலைமை ஆசிரியையும் நானும் பரிமாறுவோம். சால்வை ஐந்து வாங்கியாயிற்று. அதைப் போடுவதற்கு அந்த இரண்டாம் வகுப்புப் பையனைக் கேட்டிருக்கிறேன். முதலில் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

சாம்பார் வாளி தூக்க வாலிபர் நால்வர் வேண்டும். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் சக்ரீஸ்தில் பெயர் கொடுக்கவும்.

இங்ஙனம்,
கிறிஸ்துநாதரில் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு