சான்றிதழும் மனச்சான்றும்

மருத்துவமனையை நிர்வகிப்பவர் மருத்துவராக இருக்க வேண்டுமா, மேலாண்மை பயின்றவராக இருக்க வேண்டுமா? இது அலுவலர்களின் வினா என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆயின், அரசு மருத்துவமனையின் வாயிலில் நிற்கும் ஏழைக்கு வேறு வாயில் இல்லை. ஆகவே இது அறத்தைச் சார்ந்த வினாவும் ஆகும்.

இங்கிலாந்து இவ்வினாவை 1983இல் எதிர்கொண்டது. பல்பொருள் அங்காடி நிறுவனம் ஒன்றின் உயர் அதிகாரியான ராய் கிரிஃபித்ஸ், அரசின் வேண்டுகோளை ஏற்று, அந்நாட்டின் பொது மருத்துவப் பணியை ஆராய்ந்தார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இன்று விளக்கேந்தி வந்தால், பொறுப்பாளர் யார் என்றே தேடி அலைவார் என்பது அவரது அறிக்கையின் புகழ்பெற்ற கருத்து. அனைவரும் இசைந்தாலன்றி முடிவெடுக்க இயலாதிருந்த நிலை மாறி, பொது மேலாளர்கள் அமர்த்தப்பட்டனர். பொறுப்புக்கு ஒரு முகம் வேண்டும் என்ற எண்ணம் தவறன்று.

எனினும், நிர்வாகம் திசைமாறினால் நேர்வது என்ன என்பதை ஸ்டாஃபோர்டு மருத்துவமனை காட்டியது. 2006-07இல் ஒரு கோடி பவுண்டு மிச்சப்படுத்த முனைந்து, 150க்கு மேற்பட்ட பணியிடங்களைக் குறைத்தனர். 2008இல் அம்மருத்துவமனை தன்னாட்சித் தகுதியும் பெற்றது. உள்ளேயோ, அழைப்பு மணிக்கு மறுமொழி இல்லை. நோயாளியின் கைக்கு எட்டாத இடத்தில் உணவு இருந்தது. அவசரப் பிரிவுக்கு வந்தோரின் நிலையை வரவேற்பாளர்களே மதிப்பிட்டனர். நோயாளரின் நலனுக்கு முன்னே கணக்கும் இலக்கும் வைக்கப்பட்டன என்பதை, ராபர்ட் பிரான்சிஸ் 2013இல் 290 பரிந்துரைகளுடன் அளித்த விசாரணை அறிக்கை எடுத்துரைத்தது.

அவ்வாறெனில் மருத்துவரே ஆளட்டும் எனலாமா? மருத்துவப் பயிற்சியுள்ள மேலாளர்கள் மிகுந்த மருத்துவமனைகள் சிறப்பாக நிர்வகிக்கப்படுவதையும், நிர்வாகம் சிறந்த இடங்களில் மாரடைப்பு இறப்பு குறைந்திருப்பதையும் சில ஆய்வுகள் கண்டுள்ளன. ஆனால் நல்ல மருத்துவமனையை நாடியே தகுதியுடையோர் வருவதும் உண்டு. எது காரணம், எது விளைவு எனப் பிரித்தறிதல் எளிதன்று. மேலும், ஸ்டாஃபோர்டிலும் மருத்துவர்கள் இருந்தனர். அவர்களுள் பலர் வாய் திறக்கவில்லை. மறுபுறம், 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தபின், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பும் முறை வேரூன்றியது. அது மருத்துவ நூலில் கற்கும் கலையன்று. நிர்வாக அறிவின் கொடை.

ஆகவே இரு கல்வியும் தேவை, இரண்டும் போதாதவை. ஆராய்ந்து தேர்ந்த பின்னரும், பதவியில் அமர்ந்ததும் வேறுபடுவோர் பலர் என்பதை வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்தில் உணர்த்துகிறார். சான்றிதழ், ஒருவர் கற்றதைச் சொல்லும். கற்றதை யார்பொருட்டுப் பயன்படுத்துவார் என்பதைச் சொல்லாது.

மேலாளரைத் தேர்வு செய்வோர் பட்டங்களைப் பார்க்கட்டும். அத்துடன் மூன்றையும் கேட்கட்டும். நோயாளரின் படுக்கையருகே நீர் எத்துணை முறை செல்வீர்? கசப்பான உண்மையைக் கடைநிலைச் செவிலியர் உம்மிடம் அஞ்சாது சொல்ல இயலுமா? நாள்தோறும் முதலில் பார்ப்பது வரவு செலவையா, உயிரிழந்தோர் எண்ணிக்கையையா? இவற்றுக்கு அவர் கூறும் விடையில் அவரது உண்மையான தகுதி வெளிப்படும்.