பேய்க்கு மட்டும் நீதி

‘காஞ்சனா’வில் (2011) ராகவா லாரன்ஸ், பேய்க்குப் பயந்து அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் ஆண்பிள்ளை. அரங்கம் சிரிக்கிறது. கொலையுண்ட திருநங்கை காஞ்சனாவின் (சரத்குமார்) ஆவி அவன் உடலில் புகுந்து நளினம் காட்டுகிறபோதும் சிரிக்கிறது. இது வேறு சிரிப்பு. தெருவில் நாம் கேட்கும் அதே இளிப்பு. நிலத்துக்காக அவள் கொல்லப்பட்ட கதை தெரிந்ததும் அரங்கம் அவளுக்காகக் கைதட்டுகிறது.

படம் நம் இளிப்பை நமக்கே காட்டிவிட்டது என்று திருப்திப்படலாம். எனக்கு அது போதவில்லை. உயிரோடிருந்தவளுக்கு மறுக்கப்பட்ட நீதி பேய்க்குக் கிடைக்கிறது. பேய்க்கு நாம் வாடகைக்கு வீடு தரவேண்டாம், வேலை தரவேண்டாம். பழியைக்கூட அதுவே தீர்த்துக்கொள்கிறது. நம் இரக்கத்துக்குச் செலவில்லை.

இது பழைய வழக்கம்தான். மதுரை வீரனைக் கொன்ற பிறகுதான் கும்பிட்டோம்.

தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கையர் நலவாரியம் வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. ஆனால் தஞ்சாவூர் பாசஞ்சர் பொன்மலையைத் தாண்டும்போது ஒரு திருநங்கை கைதட்டிக்கொண்டு வந்தால், அரங்கில் கைதட்டியவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறான். அவள் இன்னும் சாகவில்லை என்பதுதான் அவனுக்குச் சங்கடம்.